பின்புலம் வெள்ளை

சனிக்கிழமை. ஐந்து பேர், மூன்று கூடாரம்,
நாற்பது தட்டுவடை செட்டு.
நாலு ரோட்டில் வாங்கியதில் பாதி
வெள்ளக்கல்பட்டி வருமுன்னே தீர்ந்துவிட்டது.

எங்கள் குழுவின் பெயரில் பாலைவனம் இருக்கிறது.
ஜெய்சால்மருக்கு ஒருமுறை போனோம்,
கட்ச்சுக்கு ஒருமுறை.
ஜெசிந்தா மட்டும் தனியாக லடாக்.
விடுப்பு கிடைத்துப் பணம் கிடைக்காத,
பணம் கிடைத்து விடுப்பு கிடைக்காத
மற்ற எல்லா வருடமும்
சேர்வராயன் அடிவாரத்தில்
வெள்ளைக்கல் வெட்டிக் கொட்டிய
இந்தப் பழைய மேடுகள்தான்.

மழை வரிவரியாய்க் கீறிய சரிவு.
ஐந்தே முக்காலுக்கு நிழல் நீளும்போது
எந்த ஊர் என்று சொல்ல முடியாது,
நாமாகச் சொன்னால் ஒழிய.

இடப்பக்கம் செல்போன் கோபுரம். வெட்டு.
வலப்பக்கம் மாந்தோப்பு. வெட்டு.
மேலே ஏற்காடு,
வெட்கமே இல்லாத பச்சை.
அதையும் வெட்டினால்
கைக்குட்டை அகலம் மிஞ்சும்.
அதற்குள் மூச்சுமுட்ட நின்றுகொண்டு
ஆகா, என்ன வெட்டவெளி என்போம்.

ராத்திரி
பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே அர்த்தநாரி சொன்னார்:
"அந்த நகைக்கடைக் காலண்டர்ல, மே மாசம்,
தார் பாலைவனம்னு போட்டிருக்குல்ல,
அது இந்த மேடுதான்.
நாலாயிரம் குடுத்தாங்க."

சால்னாப் பொட்டலம் நின்ற இடத்தில் நின்றது.
பர்வீன்தான் முதலில் சிரித்தாள்.
"எங்க அடுப்படியில தொங்குது.
ஒட்டகம் எங்கம்மான்னு
ஒரு மாசம் என் உயிரை எடுத்தான் பையன்."
வேடியப்பனுக்குப் புரையேறியது.
ஜெசிந்தா சிரிக்கவில்லை.
"லடாக் லோன்ல இன்னும் ஏழு தவணை இருக்கு" என்றாள்.
டார்ச்சை அணைத்துவிட்டுக்
கூடாரத்துக்குள் போய் ஜிப்பை இழுத்தாள்.
அந்தச் சத்தம் மேடு முழுக்கக் கேட்டது.

அதன்பிறகு யாரும் பேசவில்லை.
மலைச்சாலையின் கொண்டை ஊசிகளில்
வண்டிகள் விளக்கோடு இறங்கிக்கொண்டிருந்தன.
முப்பது விநாடி திறந்துவைத்திருந்தால்
இருட்டைத் தைத்த ஒரே நூலாய் விழுந்திருக்கும்.
ஒருவரும் எடுக்கவில்லை.
அது பாலைவனம் இல்லையே.

விடிய இன்னும் இருக்கிறது.
கீழ்ச்சரிவில் ஒரு காலடிகூடப் படாமல்
இரவெல்லாம் காத்து வைத்திருந்தோம்,
சூரியனுக்காக.
அப்போது குல்லாயும் மஃப்ளருமாய் வந்தார்
காவலாளி மாதையன்.

"ஏனுங்க, போட்டோ எடுக்கறவங்கதானே?
பாஸ்போர்ட் சைசுல ஒண்ணு வேணுமுங்க.
காண்ட்ராக்டர் கேக்கறாரு.
பின்னாடி வெள்ளையா இருக்கோணுமாம்."

ஐந்து பையையும் கவிழ்த்தோம்.
ஒன்பது லென்சு.
எல்லாம் அடிவானத்தை விழுங்கப் பிறந்தவை,
ஒரு மனுசன் முகத்துக்குப் பக்கத்தில் போனால்
மூக்கைப் பூசணிக்காய் ஆக்குபவை.
கடைசியில் ஜெசிந்தாவின் பையடியில்,
ஒற்றைச் சாக்சுக்குள்,
பழைய ஐம்பது.

எங்கே நிறுத்துவது என்று கேட்கவில்லை அவள்.
காலடி படாத சரிவின் நடுவுக்கு
நேராக நடத்திக் கூட்டிப்போனாள்.
போகும்போது எட்டு, பத்து, இருபது தடம்.
வேடியப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.
பர்வீன் அவர் காலர் பித்தானை மாட்டிவிட்டாள்.
குல்லாயைக் கழற்றியதும்
தலைமுடி ஒருபக்கமாய் எழுந்து நின்றது,
அதைத் தண்ணீர் தொட்டுப் படியவைத்தோம்.

வெளிச்சம் வந்தது.
"மூச்ச நல்லா இழுங்க, அப்படியே புடிங்க"
என்றது என் வாய்.
வாரத்தில் ஆறு நாள்
எக்ஸ்ரே அறையில் சொல்லிப் பழகிய வாய்.
மாதையன் பிடித்தார்.
ஏனோ நாங்களும் பிடித்தோம்.

மூன்றரை சென்டிமீட்டர் அகலம்,
நாலரை உயரம்.

"எட்டு காப்பி போதுமுங்க" என்றார்.
மஃப்ளரைச் சுற்றிக்கொண்டே
சட்டைப்பையைத் தொட்டு,
"எவ்வளவு ஆகுமுங்க?"

அர்த்தநாரி அவசரமாகச் சொன்னார்,
யார் முகத்தையும் பார்க்காமல்:
"காசெல்லாம் வேண்டாமுங்க."